உஜோங் பாசிரில் ஒரு பாலைவனம்

கூடாரத்தின் முதல் முளையை அடிப்பதற்கு முன்னால் ராஜரத்தினம் ஒரு சிட்டிகை மணலை எடுத்து நாக்கின் நுனியில் வைத்துக்கொள்வார். கண்ணை மூடி, ரசத்தில் உப்பு பார்க்கும் சமையல்காரர் மாதிரி சற்று நேரம் நிற்பார். பிறகு துப்புவார்.

"ஈரம்," என்பார். "போன மாசத்துக்கு இந்த மாசம் சாஸ்தி. பரவால்ல, காய வச்சிக்கலாம்."

பத்துப் பன்னிரண்டு கெஜத்தில் கடல் கிடக்க, கடற்கரை மணல் ஈரமாக இருக்கிறதே என்று வருத்தப்படுகிற மனிதர் மலாக்காவில் இவர் ஒருவர்தான். மாதத்தின் முதல் சனிக்கிழமை மத்தியானம் ராணுவத்தார் ஏலத்தில் விட்ட பழைய கூடாரத்தை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு காஜா பெராங்கிலிருந்து உஜோங் பாசிருக்குக் கிளம்புவார். ஞாயிற்றுக்கிழமை காலை திரும்புவார். இதற்கு அவர் வைத்திருக்கிற பெயர் ‘பாலைவனம் போறது’. தெருவிலும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள். மருந்து கேட்டு யாராவது அவர் வீட்டுக் கதவைத் தட்டினால், "டிரசர் ஐயா பாலைவனத்துக்குப் போயிருக்காரு, நாளைக்கு வாங்க" என்று எதிர்வீட்டிலிருந்து பதில் வரும்.

வயது அறுபத்தொன்று. ஒல்லியான, நெட்டையான உடம்பு. எஸ்டேட் ஆஸ்பத்திரிகளிலும் பிறகு டவுனிலுமாக முப்பது வருஷம் புண்ணுக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கிற டிரசர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்கும் முந்தி, முதல் யுத்தத்தில், இந்தியப் பட்டாளத்தோடு பாலைவன ஊரான பாஸ்ராவுக்குப் போய் அங்கே கூடார ஆஸ்பத்திரியில் ஒன்பது மாதம் நோயாளிகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தத்துவம் முழுவதும் அந்த ஒன்பது மாதத்தில் முளைத்தது.

"மனுசன் வயசால கெழவனாகறதில்ல தம்பி. ஈரத்தால ஆகறான். பாஸ்ராவுல மணல்லதான் படுத்தேன். ஒரு இருமல் உண்டா? ஒரு மூட்டுவலி உண்டா? காலையில எழுந்தா கட்டை மாதிரி இருக்கும் ஒடம்பு. இங்க பாருங்க, செருப்ப ரெண்டு நாள் மூலையில விட்டா பச்சையா பூஞ்சக்காளான் புடிக்குது. செருப்புக்கே இந்தக் கதின்னா உள்ள இருக்கிற ஈரல் என்னா பாடுபடும்?"

"அப்போது உங்களுக்கு என்ன வயது?" என்று கேட்டேன்.

"இருவத்தொண்ணு. அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?"

நான் அவருடைய தெருவில் குடியிருக்கும் வாத்தியார். எனக்கும் முப்பத்தொன்பது ஆகிறது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு அடியில் விழுந்த சாக்பீஸ் துண்டைக் குனிந்து எடுக்காமல் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். இருபது வயதில் நான் குடியிருந்த சிரம்பான் வீடு மாதிரி காற்றோட்டமான வீடு உலகத்தில் இல்லை என்று நானும் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவர் வீட்டில் காயாத பொருள் கிடையாது. தலையணை காயும். தீப்பெட்டி காயும். பஞ்சாங்கம் ஒவ்வொரு தாளாகப் பிரிந்து கயிற்றில் தொங்கும். காலை ஒன்பது மணிக்குக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் பலகை போட்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி இருபது நிமிஷம் தானே காய்வார். பத்தாவது நிமிஷம் திரும்பி உட்கார்வார். ஒருமுறை குடைகூட ஈரத்தை உறிஞ்சுகிறது என்று அதை விரித்து அடுப்புக்கு மேலே கட்டப்போய், அது பற்றி, தீ கூரைக்கும் தாவியது. மழை பெய்து வீடு பிழைத்தது. அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

இந்த மனிதரோடு முப்பத்திரண்டு வருஷமாகக் குடித்தனம் செய்கிறவர் மீனாச்சி. பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறித் தமிழை மறந்துபோன காஜா பெராங் மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பெண். கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும் உடுத்தி, நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு, மலாயில் பேசுவார். அம்மன் கோயிலில் சாமியைக் கூப்பிடும்போது மட்டும் தமிழ் வரும். இவர் தமிழில் சண்டை போடுவார், அந்த அம்மாள் மலாயில் பதில் சொல்வார். இருவருக்கும் ஒரு வார்த்தை தவறாமல் புரியும். ஈரத்தைப் பற்றிய கணவரின் ஆராய்ச்சிக்கெல்லாம் அந்த அம்மாளின் பதில் ஒன்றுதான்: "சுடா துவா லா." கிழவனாகிவிட்டாய், அவ்வளவுதான் என்று பொருள். சொல்லிவிட்டுப் போய் அவருடைய தலையணையை வெயிலில் திருப்பிப் போடுவார்.

உஜோங் பாசிரை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மலாயில் ‘பாசிர்’ என்றால் மணல், ஊரின் பெயரிலேயே அது இருக்கிறது என்பதுதான். போய்ப் பார்த்தால் முக்கால்வாசி சேறு. தேடித் தேடி ஒரு கல்யாணப் பந்தல் அகலத்துக்கு மணல் கண்டுபிடித்து அதையே தன் பாலைவனமாக்கிக் கொண்டார். அங்கே சில சட்டங்கள் உண்டு. ஒரு நாளைக்கு ஒரு குப்பி தண்ணீர். சாப்பிடப் பேரீச்சம்பழம். தலையில் துண்டால் முண்டாசு. மணி நாலானால் மழை வரும். அந்த மழையை மட்டும் சட்டத்தில் சேர்க்காமல், கூடாரத்துக்குள் உட்கார்ந்து, வெளியே பெய்வது தனக்குச் சம்பந்தமில்லாத மாதிரி பேரீச்சங்கொட்டையைத் துப்பிக்கொண்டிருப்பார்.

முதன்முதலில் கூடாரம் போட்டபோது ஒரு மலாய்க் கான்ஸ்டபிள் வந்து விசாரித்தாராம். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்காக அவசரகாலச் சட்டம் போட்டிருக்கிற நாட்டில், கடலோரத்தில் ராணுவக் கூடாரம் ஒன்று தன்னந்தனியாக நின்றால் விசாரிக்காமல் என்ன செய்வார்? உள்ளே யார், எதற்கு என்று அதட்டியிருக்கிறார். ராஜரத்தினம் அவரை நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினார். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சில் ஈரம் கட்டியிருக்கிறது, ராத்திரி ரோந்து போகும்போது நெஞ்சில் காகிதம் வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார். அந்தக் கான்ஸ்டபிள் இப்போது மாதா மாதம் தன் மாமியாருடைய இருமலைப் பற்றிக் கேட்க வருகிறார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் இந்த வருஷம் ஜூலைக் கடைசியில் ஒரு நாற்காலி வந்து குறுக்கே விழுந்தது.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்கும் ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி பண்டார் ஹிலிர் திடலில் கொடியேற்றும்போது, பழைய பட்டாளத்துக்காரர்கள் பதக்கம் குத்திக்கொண்டு வரிசையாக நிற்பது என்று முடிவாகியிருந்தது. நம் ஆட்களின் பெயரை எழுதும் பொறுப்பு கலியாணசுந்தரத்துக்கு. இரண்டாம் யுத்தத்தில் லாரிப் படையில் இருந்தவர், வயது ஐம்பத்து நாலு, தொப்பைக்கு மேல் பெல்ட்டை இறுக்கிக் கட்டுகிறவர். ராஜரத்தினம் பெயர் கொடுக்கப் போனபோது, "அறுவதுக்கு மேல உள்ளவங்களுக்குப் பந்தலுக்குள்ள நாக்காலி போட்டிருக்கோம் டிரசரே. ரெண்டு மணி நேரம் நிக்கணும். உங்களுக்கு எதுக்குச் சூசா, வீண் சிரமம்?" என்று தன்மையாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்தவர் அன்று முதுகைக் காயவைக்கவில்லை.

"நாக்காலியில உக்காந்துகிட்டு சொதந்திரம் வாங்கறதா?" என்று என்னிடம் கேட்டார். "பாஸ்ராவுல எந்தக் கொடிக்கு நின்னேன்? எவனோ ஒருத்தன் கொடிக்கு. வெயில்ல மயக்கம் போட்டு விழுந்தாலும் எழுந்து நின்னேன். இப்ப நம்ம ஊருக்கு ஒரு கொடி ஏத்தறாங்க, என்னைய நாக்காலியில போடறாங்க. கெழவிங்களோட."

அந்த நாற்காலி அவருக்கு எந்த மூட்டுவலியையும்விட அதிகமாக வலித்தது என்பதைப் பார்த்தேன். மறுபடியும் போய்க் கலியாணசுந்தரத்தோடு மல்லுக்கட்டி, ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தார். ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கலியாணசுந்தரம் பாலைவனத்துக்கு நேரில் வந்து பார்ப்பார். ஆள் திடமாக இருந்தால் பெயர் வரிசையில் ஏறும். இல்லாவிட்டால் நாற்காலி. சாட்சிக்கு என்னை வரச்சொன்னார்கள்.

அப்படித்தான் நான் பாலைவனத்தில் ஓர் இரவு படுத்தேன். கொசுக்கடியைப் பற்றி எழுதினால் பத்திரிகையில் இடம் போதாது. விடிந்து எழுந்தபோது அவர் கூடாரத்தை விட்டுத் தள்ளி, கடலுக்குப் பக்கத்தில், காலை வெயில் முதலில் விழும் இடத்தில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து முழங்கால்களைக் காயவைத்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஏழு மணிக்கு ஈரலைப் பற்றி ஆரம்பித்தார். ஏழேமுக்காலுக்கு நுரையீரல். எட்டு மணிக்கு ஒட்டகம். ஒட்டகத்துக்கு ஏன் நரை விழுவதில்லை என்று அவர் விளக்கும்போது கடல் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவருக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அவர் பார்வை கடலின்மேல் இல்லை. ரிக்‌ஷா வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். கலியாணசுந்தரத்தை எதிர்பார்க்கிறார் என்று நினைத்தேன்.

எட்டேகாலுக்கு முதல் அலை அவர் குதிகாலைத் தொட்டது.

"ஐயா, தண்ணி வருது. கூடாரத்துப் பக்கம் போயிடலாமா?"

"போலாம், போலாம். இன்னும் ஒட்டகம் முடியல."

அடுத்த அலை முழங்காலுக்கு வந்தது. ஈரம்தான் எமன் என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற மனிதர், தண்ணீரில் உட்கார்ந்து வறட்சியின் மகிமையைப் பேசிக்கொண்டிருந்தார். "உப்புத்தண்ணி ஈரத்துல சேராது," என்று நான் கேட்காமலே சொன்னார். சற்றுத் தூரத்தில் இடுப்பளவு தண்ணீரில் கூனி இறால் வலையைத் தள்ளிக்கொண்டிருந்த, போர்த்துக்கீசியர் வழி வந்த செரானிக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். இவரும் உட்கார்ந்தபடியே கையை ஆட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனிதரால் எழுந்திருக்க முடியவில்லை.

நான் எழுந்து நின்று கையை நீட்டினேன். தப்பான மருந்தைக் கொண்டுவந்த பையனைப் பார்க்கிற மாதிரி அந்தக் கையைப் பார்த்தார்.

"கை குடுத்து எழுப்பறது நோயாளிய," என்றார். "முப்பது வருசம் எழுப்பினவன் நானு. எத்தனை பேர எழுப்பியிருக்கேன் தெரியுமா? ஒருத்தன் ஒருத்தனா மொகம் ஞாபகம் இருக்கு. கைய எடுங்க தம்பி. உக்காருங்க."

கையை எடுத்தேன். உட்கார்ந்தேன். பேண்ட் நனைந்தது. எனக்கு அவர்மேல் எரிச்சலும் வந்தது, அதைவிட அதிகமாக மனசும் கஷ்டப்பட்டது. ஒன்பது மணிக்குக் கலியாணசுந்தரம் வந்து இந்தக் கோலத்தைப் பார்த்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அவர் பேச்சு ஒட்டகத்தில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

எட்டேமுக்காலுக்கு ஒரு ரிக்‌ஷா வந்தது. மீனாச்சி இறங்கினார். கையில் ஐந்தடுக்கு டிபன் கேரியர். "டயர்," என்று ரிக்‌ஷாக்காரரைக் கை காட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுகிறவர் அன்று டயர் வெடித்துத் தாமதமாகிவிட்டார்.

ஓடி வரவில்லை. பதறவும் இல்லை. கடைத்தெருவில் காய்கறி பார்க்கிறவர் மாதிரி நிதானமாகச் சாரோங்கைச் சற்றுத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் வந்தார். கணவருக்கு முன்னால் காலை அகட்டி நின்று, கேரியரை அவர் மார்புக்கு நேரே நீட்டினார்.

"நா, பேகாங்," என்றார். இந்தா, பிடி.

அவர் இரண்டு கையாலும் கேரியரின் பக்கக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டார். மீனாச்சி கைப்பிடியை விடவில்லை. உடம்பைப் பின்னால் சாய்த்து ஒரு இழுப்பு. கேரியர் எழுந்தது, கூடவே டிரசர் ஐயாவும் எழுந்துவிட்டார்.

"சாப்பாடு வாங்கிக்கறேன்," என்று என்னிடம் விளக்கம் சொன்னார்.

கூடாரத்துப் பக்கம் போய்க் கேரியரைத் திறந்தபோது, கைப்பிடி கம்பியோடு சேரும் இரண்டு இடத்திலும் தாமிரக் கம்பியால் இறுக்கிச் சுற்றியிருந்ததைக் கவனித்தேன். சுற்று பழையதாகிப் பச்சை ஏறியிருந்தது. வெறும் சாப்பாட்டைத் தூக்க அவ்வளவு சுற்று வேண்டியதில்லை. மீனாச்சி நான் பார்த்ததைப் பார்த்தார். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் வைத்து, அதன்மேல் காரமான கூனிச் சம்பாலை இரண்டு கரண்டி போட்டு, நான் வாய் திறக்க நேரம் தராமல் இலையை என் முன்னால் தள்ளினார்.

கலியாணசுந்தரம் சைக்கிளில் வந்து இறங்கியபோது மணி ஒன்பதடித்து ஐந்து நிமிஷம். ராஜரத்தினம் கூடாரத்துக்கு முன்னால் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழே சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னா டிரசரே, இப்பிடி நனைஞ்சிருக்கீங்க?"

"நீச்சல்," என்றார். "காலையில ஒரு மைல்."

கலியாணசுந்தரம் கடலைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். சாட்சியான என்னைப் பார்த்தார். நான் வாய் நிறையச் சம்பாலோடு தலையை ஆட்டினேன். மீனாச்சி தென்னை மரத்தில் எத்தனை காய் என்று எண்ணிக்கொண்டிருந்தார். நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டு, கலியாணசுந்தரம் பெயரை எழுதினார்.

ஆகஸ்ட் முப்பத்தொன்று. முந்தின இரவு பெய்த மழையில் திடலின் புல் ஊறிக்கிடந்தது. பட்டாளத்துக்காரர்கள் ஏழு மணிக்கே வரிசையில் நின்றுவிட்டார்கள், ஆனால் விழா தொடங்க நேரம் இருந்தது. "அது வரைக்கும் எல்லாரும் அப்படியே உக்காருங்க," என்று கலியாணசுந்தரம் சொன்னார். இரண்டு மணி நேரம் நிற்பதைப் பற்றித்தான் நாங்கள் எல்லோரும் கவலைப்பட்டோம். உட்காரச் சொல்வார்கள் என்று யார் நினைத்தது? உட்கார்ந்தால் அவரை எழுப்பக் கேரியர் வேண்டும், கேரியரோ பெண்கள் பக்கத்தில் இருந்தது.

கைக்குட்டையையும் பத்திரிகையையும் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். ராஜரத்தினம் மட்டும் நின்றார்.

"உக்காருங்க டிரசரே."

"ஈரப் புல்லு," என்றார் ராஜரத்தினம். அந்த வரிசை முழுவதும் கேட்கிற குரலில். "இதுல உக்காந்தா ஆயுசுல அஞ்சு வருசம் போச்சு. நீங்க உக்காருங்க. நான் ஒடம்பப் பாத்துக்கணும்."

பல வருஷமாக அந்தத் தத்துவத்தைக் கேட்டு அலுத்துப்போனவன் நான். அன்று எழுந்து கைதட்டலாம் போல இருந்தது. தன்னைவிட வயதில் சிறியவர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்க, ஒரு மணி நேரம் அவர் ஒருவர் மட்டும் சவுக்கு மரம் மாதிரி நின்றார். மூன்று பேர் வெட்கப்பட்டு எழுந்து நின்றார்கள். கடைசியில் ‘எழுந்திருங்க’ என்று உத்தரவு கொடுத்த கலியாணசுந்தரமே எழ முடியாமல் பெல்ட்டோடு திண்டாட, இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். ராஜரத்தினம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அது அவருடைய பெருந்தன்மையா, கழுத்தும் பிடித்துக்கொண்டதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

கொடி ஏறியது. கூட்டம் ‘மெர்டேக்கா’, சுதந்திரம், என்று போட்ட சத்தத்தில் காகங்கள் மரத்தை விட்டுக் கிளம்பின. நான் மூக்கைச் சிந்தினேன். ராஜரத்தினம் நெற்றியில் வைத்த கையை எல்லோரும் இறக்கிய பிறகும் சற்று நேரம் இறக்கவில்லை.

விழா முடிந்து வரிசை கலைந்தது. பந்தலில் காப்பியும் பலகாரமும் கொடுத்தார்கள். எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். திடலின் நடுவில் அவர் மட்டும், நின்ற இடத்திலேயே, ஒரு காலையும் எடுத்து வைக்காமல், தூரத்தில் எதையோ மிகவும் அக்கறையாகப் பார்க்கிறவர் போல நின்றுகொண்டிருந்தார். நான் போகலாமா என்று யோசித்தேன். அன்று கடலில் நான் நீட்டிய கையை அவர் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. போகவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து மீனாச்சி வந்தார். புதுக் கெபாயா. கையில் அதே ஐந்தடுக்குக் கேரியர். ஈரப் புல்லில் செருப்பு சறுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்து, அவருக்கு முன்னால் நின்று, நீட்டினார்.

"நா, பேகாங்."

அவர் பிடித்துக்கொண்டார். மீனாச்சி விடவில்லை. ஆளுக்கு ஒரு பக்கமாக அதைப் பிடித்தபடி இருவரும் திடலைக் கடந்து ரிக்‌ஷாவை நோக்கி மெள்ள நடந்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் காலி அடுக்குகள் ஐந்தும் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டே போயின.